மூளைக் கட்டியை வென்ற டாக்டர்

அமெரிக்க சர்ஜன் ஹார்வி குஷிங்கின் வாழ்க்கை வரலாறு

மூளையில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் போதும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் கைகால் நடுங்கும். இன்றும் அப்படித்தான். ஆனால் இன்று அதற்குச் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. படம் எடுத்துப் பார்க்கலாம். ஆபரேஷன் செய்யலாம். கதிர் சிகிச்சை கொடுக்கலாம். பிழைத்து எழுந்து, வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்தவர்கள் ஏராளம்.

1900-ம் ஆண்டு வாக்கில் நிலைமை அப்படி இல்லை. மூளையில் கட்டி என்றால் சாவு என்றே அர்த்தம். மண்டையைத் திறக்கத் துணிந்த சர்ஜன்கள் மிகச் சிலர். அவர்கள் கத்தி வைத்த நோயாளிகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

அந்த நிலையை மாற்றியவர்களில் முதல்வர் டாக்டர் ஹார்வி குஷிங். அவர் அற்புத மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பொறுமையாக வேலை செய்தார். ஜெயித்ததை மட்டும் அல்ல, தோற்றதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். அந்தக் கணக்குதான் பிறகு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது.

மூடிய பெட்டி

மூளையில் வரும் கட்டி எல்லாம் புற்று நோய் அல்ல. பாதிக்கு மேற்பட்ட கட்டிகள் சாதுவானவை. அவை உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவுவதில்லை. அப்படியானால் அவற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு பெருத்து இடம் கொடுக்கும். மண்டை ஓடு இடம் கொடுக்காது. உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வளர்ந்தால், அந்த அளவுக்கு மூளை நசுங்க வேண்டியதுதான்.

அதனால் தலை வலிக்கிறது. காலையில் எழுந்ததும் வாந்தி வருகிறது. கண் மங்குகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. கட்டி எந்த இடத்தில் அழுத்துகிறதோ, அந்த இடத்தைப் பொறுத்துக் கை விழும், கால் விழும், அல்லது பேச்சு குழறும்.

1884-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி லண்டனில் ரிக்மன் காட்லி என்ற சர்ஜன் ஒரு வாலிபரின் மண்டையைத் திறந்தார். எக்ஸ்ரே கூட இல்லாத காலம் அது. கை கால் செயலற்றுப் போன விதத்தைப் பார்த்தே, கட்டி இருக்கும் இடத்தை டாக்டர்கள் ஊகித்திருந்தார்கள். ஊகம் சரியாக இருந்தது. கட்டியை எடுத்தும் விட்டார்கள். ஆனால் புண்ணில் கிருமி தாக்கி, 28-வது நாள் அந்த வாலிபர் இறந்து போனார்.

மூளை ஆபரேஷனுக்கு எதிரிகள் மூன்று பேர் என்று சொல்லலாம். ஒன்று, ரத்தப் பெருக்கு. இரண்டு, மூளையின் வீக்கம். மூன்று, கிருமி. இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் அடக்கும் வழி அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பத்தாவது பிள்ளை

அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தில் கிளீவ்லாந்து என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1869-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி ஹார்வி குஷிங் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பத்தாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை. தகப்பனார் டாக்டர். தாத்தாவும் டாக்டர். தாத்தாவின் தகப்பனாரும் டாக்டர்.

யேல் பல்கலைக் கழகத்தில் படித்தபோது பேஸ்பால் ஆட்டத்தில் அவருக்கு அதிக மோகம். 1891-ல் பட்டம் பெற்றார். பிறகு டாக்டர் படிப்புக்காகப் பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் வாழ்க்கையில் முதல் இடி விழுந்தது.

அந்தக் காலத்தில் ஈதர் என்ற மயக்க மருந்தை நோயாளிக்குக் கொடுக்கும் வேலை மாணவர்கள் தலையில்தான் விழும். அதற்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. முதன் முதலில் குஷிங் ஈதர் கொடுத்தபோதே, நோயாளி ஆபரேஷன் மேஜையில் இறந்து விட்டார்.

குஷிங் நொறுங்கிப் போனார். டாக்டர் தொழிலே வேண்டாம் என்று கூட நினைத்தார். இப்படி நடப்பது சகஜம் என்று பெரியவர்கள் தேற்றினார்கள். சகஜம் என்ற சொல்லை அவர் மனம் ஏற்கவில்லை.

1894-ல் அவரும், அவருடைய நண்பர் காட்மன் என்ற மாணவரும் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஆபரேஷன் நடக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு முறை நோயாளியின் நாடித் துடிப்பையும், மூச்சையும் எண்ணி ஒரு தாளில் குறித்தார்கள். துடிப்பு தவறினால் தாளில் உடனே தெரியும். ஆபத்து முற்றுவதற்குள் மருந்தைக் குறைக்கலாம்.

இன்று உலகம் எங்கும் ஆபரேஷன் அறைகளில் மயக்க டாக்டர் இத்தகைய குறிப்பு வைத்திருக்கிறார். அதற்கு வித்திட்டவை இந்த இரு மாணவர்களின் தாள்கள்தான்.

இத்தாலியில் கிடைத்த பரிசு

1895-ல் குஷிங் டாக்டர் ஆனார். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹால்ஸ்டெட் என்ற பெரிய சர்ஜனிடம் பயிற்சி பெற்றார். ஹால்ஸ்டெட் அவசரப்படாத மனிதர். ஒரு சொட்டு ரத்தம் வீணாகாமல், தசையைக் கசக்காமல், மெதுவாக வேலை செய்வார். குஷிங் அந்தப் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்.

1900-ல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். சுவிட்சர்லாந்தில் உள்ள பெர்ன் நகரில் கோக்கர் என்ற புகழ்பெற்ற சர்ஜனிடம் ஆராய்ச்சி செய்தார். மண்டைக்குள் அழுத்தம் கூடினால், உடம்பின் ரத்த அழுத்தமும் கூடுகிறது என்பதை அங்கே சோதனை செய்து காட்டினார். நசுங்கும் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளுவதற்காக உடம்பு செய்கிற முயற்சி அது. தலையில் அடிபட்டவர்களைக் கவனிக்கும் டாக்டர்கள் இன்றும் இந்த அறிகுறியை எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள்.

1901-ல் இத்தாலியில் பாவியா நகர ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ரிவா ரோச்சி என்ற டாக்டர் கண்டுபிடித்த கருவி ஒன்று இருந்தது. கையில் ஒரு பட்டையைச் சுற்றி, காற்றை அடித்து, ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி. இன்று சிறிய கிளினிக்கில் கூட அதன் வாரிசைப் பார்க்கிறோம். குஷிங் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். ஆபரேஷன் தாளில் ரத்த அழுத்தத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது.

1902-ல் காதரின் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள்.

தோல்வி மேல் தோல்வி

மூளை ஆபரேஷனையே தன் தொழிலாக வைத்துக் கொள்ள குஷிங் முடிவு செய்தார். நண்பர்கள் தலையை அசைத்தார்கள். பிழைக்காத நோயாளிகளை வைத்துக் கொண்டு ஒரு டாக்டர் எப்படிப் பிழைப்பது?

அவர்கள் பயந்தபடியே நடந்தது. ஆரம்ப ஆண்டுகளில் தோல்விகளே அதிகம். சில நோயாளிகளின் மண்டையைத் திறந்தால் எதிர்பார்த்த இடத்தில் கட்டி இராது. சிலருக்கு ரத்தம் நிற்காது.

குஷிங் சளைக்கவில்லை. ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் உட்கார்ந்து, நடந்ததைத் தன் கையாலேயே படம் வரைந்து எழுதினார். அவர் நன்றாகப் படம் வரைவார். நோயாளி இறந்து விட்டால், என்ன காரணம் என்று தேடினார். அந்தக் காரணத்தை அடுத்த ஆபரேஷனில் தவிர்த்தார்.

எடுக்க முடியாத கட்டியாக இருந்தால், காதுக்கு மேலே உள்ள தசைக்கு அடியில் சிறிது எலும்பை மட்டும் எடுத்து விடுவார். பெட்டியில் ஒரு ஜன்னல் வைத்தது போல உள் அழுத்தம் குறையும். தலைவலி தணியும். பார்வை முற்றிலும் போகாமல் தப்பும்.

ரத்தத்தை நிறுத்த 1911-ல் புது வழியை வெளியிட்டார். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை நூலால் கட்ட முடியாது. அதற்காகச் சிறிய வெள்ளிக் கவ்விகள் செய்தார். குழாயின் வாயில் ஒரு கவ்வியை வைத்து நசுக்கினால் ரத்தம் நின்று விடும்.

அவருடைய ஆபரேஷன்கள் பல மணி நேரம் நடக்கும். வேகமாக அறுப்பவரே கெட்டிக்கார சர்ஜன் என்று உலகம் நினைத்த காலத்தில், மெதுவாகச் செய்பவரே உயிரைக் காப்பார் என்று அவர் நிரூபித்தார்.

சேனாதிபதி வந்தார்

1910-ம் ஆண்டு குஷிங்கிடம் ஒரு முக்கியமான நோயாளி வந்தார். அவர் பெயர் லியனார்டு உட். அமெரிக்க ராணுவத்தின் தளபதிகளில் ஒருவர். அவருக்கு வலிப்பு வந்தது. இடது பக்கம் பலவீனமாகிக் கொண்டே போனது.

மூளையின் மேல் உறையில் கட்டி. குஷிங் இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்து அதை எடுத்தார். தளபதி எழுந்து நடந்தார். அந்த ஆண்டிலேயே அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பதவியை ஏற்றார். குஷிங்கின் பெயர் நாடெங்கும் பரவியது.

இந்த வகைக் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று 1922-ல் பெயர் வைத்தவரும் குஷிங்தான். பெரும்பாலும் சாதுவானது, மெதுவாக வளர்வது, முழுவதும் எடுத்து விட்டால் நோயாளி நலமாக வாழலாம்.

ஆனால் மிச்சம் இருந்தால் மீண்டும் வளரும். தளபதிக்கும் அப்படித்தான் வளர்ந்தது. 1927-ல், அவர் பிலிப்பைன்ஸ் தீவுகளின் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, மறுபடியும் குஷிங்கிடம் வந்தார். ஆபரேஷன் நீண்ட நேரம் நடந்தது. ஆகஸ்டு 7-ந் தேதி, ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில், மூளைக்குள் ரத்தம் கசிந்து தளபதி காலமானார்.

அப்போது குஷிங் உலகப் புகழ் பெற்றவர். ஆனாலும் அந்தத் தோல்வியையும் எழுதி வைத்தார்.

பட்டாணி அளவு சுரப்பி

மூளைக்கு அடியில், மூக்கின் பின்புறம், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. உடம்பின் வளர்ச்சியை நடத்துவது அதுதான். அதில் கட்டி வந்தால் சிலருக்கு முகமும், கை கால்களும் தடித்துப் பெரிதாகும். பக்கத்தில் செல்லும் கண் நரம்பு நசுங்கிப் பார்வை போகும்.

1912-ல் குஷிங் இந்தச் சுரப்பியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மண்டையைத் திறக்காமல், மேல் உதட்டுக்கு அடியில் கீறி, மூக்கின் வழியே சென்று கட்டியை எடுக்கும் முறையைப் பல நோயாளிகளுக்குச் செய்தார். இந்தச் சுரப்பியின் கட்டியால் முகம் உருண்டையாகி, வயிறு பெருத்து, ரத்த அழுத்தம் கூடும் நோயை 1932-ல் விவரித்தார். அதற்கு இன்றும் குஷிங் நோய் என்றே பெயர்.

1912-ல் அவர் பாஸ்டனுக்குக் குடியேறினார். அங்கே புதிதாகக் கட்டப்பட்ட பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் தலைமை சர்ஜன் ஆனார்.

யுத்தமும் துக்கமும்

முதல் உலக யுத்தத்தில் குஷிங் பிரான்சு நாட்டுக்குப் போனார். குண்டுச் சிதறல் தலையில் பாய்ந்த சிப்பாய்களுக்கு இரவு பகலாக ஆபரேஷன் செய்தார். உள்ளே புதைந்த இரும்புத் துண்டுகளை வெளியே இழுக்கக் காந்தத்தைக் கூடப் பயன்படுத்தினார். அப்படிக் காயம்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்து கொண்டிருந்தார்கள். 1917-ல் அவர் கையில் அந்தச் சாவு நூற்றுக்கு 30-க்கும் கீழே இறங்கியது.

1918-ல் அவரே கடும் காய்ச்சலில் விழுந்தார். கை கால்கள் மரத்துப் போயின. பிழைத்துக் கொண்டார். ஆனால் கால் நோவு அதன் பிறகு அவரை விடவில்லை.

1926-ம் ஆண்டு ஜூன் மாதம். ஆபரேஷனுக்குப் புறப்பட இருந்த குஷிங்குக்கு ஒரு செய்தி வந்தது. அவருடைய மூத்த மகன் வில்லியம், யேல் கல்லூரி மாணவர், மோட்டார் விபத்தில் இறந்து விட்டார். குஷிங் மனைவிக்குத் தகவல் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், காத்திருந்த நோயாளிக்கு ஆபரேஷனைச் செய்து முடித்தார். அதன் பிறகுதான் மகனுடைய உடலைப் பார்க்கப் புறப்பட்டார்.

மின்சாரக் கத்தி

அதே ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி மூளை ஆபரேஷனில் ஒரு புதிய யுகம் பிறந்தது.

ஒரு நோயாளிக்கு மண்டையில் ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி. மூன்று நாளைக்கு முன்பு குஷிங் அதை எடுக்க முயன்று, ரத்தம் பெருகியதால் பாதியில் நிறுத்தி விட்டார். போவி என்ற விஞ்ஞானி மின்சாரத்தால் தசையை அறுத்து, ரத்தக் குழாயைச் சுட்டு மூடும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதைக் கொண்டுவரச் செய்து, மறுபடியும் ஆபரேஷன் தொடங்கினார். இந்த முறை கட்டி வெளியே வந்தது.

முன்பு கை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிய நோயாளிகளை குஷிங் மறுபடியும் வரவழைத்தார். இன்று உலகம் எங்கும் ஆபரேஷன் அறைகளில் மின்சாரக் கத்தி இருக்கிறது.

அதே 1926-ல் பெய்லி என்ற டாக்டருடன் சேர்ந்து, மூளைத் தசையிலேயே தோன்றும் கிளையோமா கட்டிகளை வகை பிரித்து ஒரு புத்தகம் எழுதினார். எந்தக் கட்டி வேகமாக வளரும், எது மெதுவாக வளரும், நோயாளி எவ்வளவு காலம் வாழக்கூடும் என்று டாக்டர்கள் கணிக்க அது உதவியது.

கறுப்பு நோட்டு

குஷிங்கின் கணக்கைக் காத்தவர் ஒரு பெண். லூயிஸ் ஐசன்ஹார்ட் என்று பெயர். 1915-ல் அவருக்கு எழுத்து வேலையில் உதவ வந்தார். பிறகு தாமே படித்து டாக்டரானார். ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியின் துணுக்கை நுண்நோக்கியில் பார்த்து, அது என்ன வகை என்று சொல்லி விடுவார். ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நேர்ந்தது என்பதை ஒரு கறுப்பு நோட்டில் எழுதி வந்தார்.

1931-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அந்தக் கணக்கு 2,000-ஐத் தொட்டது. சோதித்து உறுதி செய்யப்பட்ட 2,000 மூளைக் கட்டிகள்! அந்தச் சமயத்தில் அவர் செய்த 100 ஆபரேஷன்களில் சாவில் முடிந்தவை 10-க்கும் குறைவு.

குஷிங் குறையே இல்லாத மனிதர் அல்ல. உதவியாளர்களிடம் கடுகடுப்பாக இருப்பார். அவரிடம் பயிற்சி பெற்ற வால்ட்டர் டான்டி என்பவர், மூளையின் உள் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1918-ல் கண்டுபிடித்தார். மறைந்த கட்டிகளைக் காட்டிய அரிய முறை அது. இருந்தும் குருவுக்கும் சீடருக்கும் இடையில் மூண்ட பகை கடைசி வரை தணியவில்லை.

நோயாளிகளிடம் மட்டும் அவர் வேறு மனிதர். வீட்டுக்குப் போன பிறகும், ஆண்டுதோறும் தங்கள் உடல் நிலையைப் பற்றிக் கடிதம் எழுதும்படி கேட்டுக் கொண்டார்.

அவர் தலையிலும்...

1939-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, 70-வது வயதில், குஷிங் மாரடைப்பால் காலமானார். மற்றவர்களின் உடலைச் சோதித்து உண்மையைத் தேடியவர் அல்லவா? அவருடைய உடலையும் டாக்டர்கள் சோதித்தார்கள். மூளையின் நடு அறையில் ஒரு சிறிய நீர்க்கட்டி இருந்தது! அது அவருக்குத் தொந்தரவு எதுவும் கொடுக்கவில்லை. தன் தலைக்குள்ளும் கட்டி உண்டு என்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவர் சேர்த்த கட்டிகளும், மூளைகளும், நோயாளிகளின் புகைப்படங்களும் பல ஆண்டுகள் யேல் பல்கலைக் கழக மாணவர் விடுதியின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்தன. 2010-ல் அவற்றைத் துடைத்து, யேல் மருத்துவ நூல் நிலையத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

அவருடைய வித்தை நம் ஊருக்கும் வந்தது. குஷிங்கிடம் இளம் வயதில் வேலை பழகியவர் வைல்டர் பென்பீல்டு. அவர் கனடாவில் பெரிய மூளை சர்ஜன் ஆனார். அவரிடம் பயின்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் இந்தியாவின் முதல் மூளை, நரம்பு ஆபரேஷன் பிரிவைத் தொடங்கியவர் அவர்தான். அடுத்த ஆண்டு சென்னை பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி இந்தப் பணியைத் தொடங்கினார்.

இன்றைய நிலை

கட்டியைத் தேடி மண்டையைத் திறக்கும் காலம் போய் விட்டது. 1971-ல் லண்டனில் முதன் முதலாக ஒரு நோயாளிக்கு ஸ்கேன் படம் எடுத்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் தெளிவாகக் காட்டுகிறது. சர்ஜன் நுண்நோக்கி வழியே பார்த்து ஆபரேஷன் செய்கிறார். மிச்சத்தைக் கதிர் சிகிச்சையால் அடக்கலாம். சில கட்டிகளுக்கு மருந்தும் உண்டு. பிட்யூட்டரி கட்டிகளில் ஒரு வகை மாத்திரையிலேயே சுருங்கி விடும்.

எல்லாக் கட்டியும் குணமாகும் என்று சொல்ல முடியாது. வேகமாகப் பரவும் கிளையோமா இன்றும் கொடியதுதான். அதற்கும் சிகிச்சை நோயாளியின் நாட்களை நீட்டுகிறது, வேதனையைக் குறைக்கிறது.

தலைவலி வந்தாலே மூளைக் கட்டி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான தலைவலிக்குக் காரணம் வேறு. ஆனால் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதனுடன் வாந்தி, பார்வை மங்கல், பெரியவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவற்றை அலட்சியம் செய்யக்கூடாது. பேய், செய்வினை என்று மந்திரிக்கப் போய் நாளை வீணாக்கவும் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தன் கையில் ஓர் உயிர் போனபோது, இது சகஜம் என்று குஷிங் விட்டிருந்தால், யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. ஒரு தாளை எடுத்து, நாடித் துடிப்பை எண்ணி எழுதத் தொடங்கினார். மூளைக் கட்டி வந்தவர்களுக்கு அன்றே நல்ல காலம் பிறந்து விட்டது.